சத்தம் போடாத சக்கரம்!

ஒரு காலத்தில் வீட்டுப் பிராணி என்றால் கொல்லையில் பசு, வாசலில் நாய், அடுப்படியில் பூனை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது. கொல்லையும் போய், திண்ணையும் போய், மூன்று அறை மாடி வீட்டில் குடும்பமே அடங்கியிருக்கிற இந்நாளில், குழந்தைகள் கேட்கிற பிராணியும் சிறுத்துவிட்டது. உள்ளங்கையில் உட்காருகிற ஹாம்ஸ்டர் நம் ஊர்க் கடைகளிலும் கூண்டோடு கிடைக்கிறது. எங்கள் தல்லாகுளத்திலேயே எனக்குத் தெரிந்து நாலைந்து வீடுகளில் இருக்கிறது.

இடம் கொஞ்சம், சாப்பாடு கொஞ்சம், குரைக்காது, கத்தாது என்றுதான் பெற்றோரும் சம்மதிக்கிறார்கள். உண்மைதான், அது கத்தாது. ஆனால் அதன் சக்கரம் கத்தும்!

ஹாம்ஸ்டர் ஓடி விளையாடக் கூண்டுக்குள் ஒரு சக்கரம் வைப்பது வழக்கம். பகல் முழுவதும் சுருண்டு தூங்குகிற அது, நாம் விளக்கணைத்துப் படுத்த பிறகு எழுந்து அதில் ஏறும். 'கிரீச்... கடகட... கிரீச்...' என்று விடியும்வரை ஓடும். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை முடிந்து அழகர் தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்கு வருகிற இரவில் எங்கள் பகுதியே தூங்காது. அது வருஷத்துக்கு ஓர் இரவு, ஆசையோடு விழித்திருக்கிறோம். தினமும் விழித்திருக்க முடியுமா?

என் மகள் வீட்டில் இந்தச் சிக்கல் எப்படி முற்றியது, எப்படித் தீர்ந்தது என்று சொல்கிறேன். இதே அவஸ்தையில் இருக்கிற இளம் தாய்மார்களுக்கு உதவும்.

எலி இருக்கணுமா, நான் இருக்கணுமா?

பேரனின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அவனுடைய தாய்மாமன் ஹாம்ஸ்டரும் கூண்டும் வாங்கிக் கொடுத்தான். கடைக்காரர் கூண்டுக்குள் ஒரு கம்பிச் சக்கரத்தையும் மாட்டியே கொடுத்துவிட்டார். பேரன் அதற்கு லட்டு என்று பெயர் வைத்தான். வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை. போதாததற்கு என் சம்பந்தியம்மாளுக்கு ரத்த அழுத்தம். இரவில் ஒரு தரம் விழித்தால் மறுபடி கண் மூடாது.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "சம்பந்தி, காசு குடுத்து எலி வாங்குற கூத்தை எங்கயாச்சும் கேட்டிருக்கீகளா? ஒண்ணு இந்த வீட்டுல எலி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிவந்து வீங்கியிருந்த அவர் கண்களைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. தூக்கம் கெடுவது வயதானவர்களுக்குச் சின்ன விஷயமா?

மருமகன் சக்கரத்தைக் கழற்றிப் பரணில் போட்டார். அன்றிரவு லட்டு கூண்டுக் கம்பியைக் கடிக்க ஆரம்பித்தது. 'நறுக் நறுக்' என்று மூன்று இரவு. சக்கரமே தேவலை என்று ஆகிவிட்டது. திரும்ப மாட்டினார்கள். ஒரு வாரம் கழித்துப் பேரன் அழுதுகொண்டே வந்தான். "அம்மாச்சி, லட்டு நொண்டுது!" கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, "கம்பி இடுக்குல பின்னங்கால் மாட்டியிருக்கும்மா. எலும்பு முறியல, அதுவரைக்கும் நல்லது. சக்கரத்தை மாத்துங்க. ஆனா சக்கரமே இல்லாம வச்சிடாதீங்க" என்றார்.

யோசித்துப் பாருங்கள். வீட்டைத் தூங்கவிடாத சக்கரமும், அந்த வாயில்லா ஜீவனின் காலை ஒடிக்கப் பார்த்த சக்கரமும் ஒன்றேதான். சத்தமில்லாத சக்கரத்தைத் தேடிப் போனால் பத்திரமான சக்கரமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். எப்படி என்று பார்ப்போம்.

அது ஏன் ஓடுகிறது?

"அடைச்சு வச்ச கிறுக்குல சுத்துது" என்றார் சம்பந்தியம்மாள். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் நெதர்லாந்து நாட்டில் ஜொஹன்னா மெய்ஜர், யூரி ராபர்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். எந்தப் பிராணியையும் அடைத்து வைக்காமல், திறந்த வெளியில் ஒரு சக்கரத்தை வைத்துவிட்டுக் கேமராவில் கவனித்தார்கள். காட்டு எலிகள் தாமாகவே வந்து ஏறி ஓடின! தவளையும் நத்தையும்கூட ஏறிப் பார்த்தனவாம். 2014-ல் இதை வெளியிட்டார்கள். ஆக, ஓட்டம் அவற்றுக்குப் பிடித்திருக்கிறது.

ஹாம்ஸ்டர் இயல்பிலேயே வறண்ட நிலத்தில் இரவெல்லாம் இரை தேடி அலைகிற ஜாதி. இன்று வீடுகளில் வளர்கிற சிரியன் ஹாம்ஸ்டர்கள், 1930-ல் சிரியாவின் அலெப்போ நகரத்துக்கு அருகில் வளையிலிருந்து எடுத்த ஒரு தாயும் குட்டிகளும் பெருக்கிய வம்சம். ஓரிரவில் பல கிலோமீட்டர் ஓடுகிற கால்களை ஒரு முழக் கூண்டில் வைத்துவிட்டுச் சக்கரத்தையும் பிடுங்கினால் அது கம்பியைத்தானே கடிக்கும்?

சத்தம் பிறக்கும் நான்கு இடங்கள்

எங்கள் தெருவில் மிக்ஸி, டேபிள் ஃபேன் ரிப்பேர் பார்க்கிறவரிடம் அந்தக் கம்பிச் சக்கரத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். "சத்தம் ஒரு இடத்துல வரலைம்மா, நாலு இடத்துல வருது" என்று பிரித்துச் சொன்னார்.

முதலாவது, அச்சு. மலிவான சக்கரங்களில் ஒரு கம்பி, அதன் மேல் ஓட்டை போட்ட ஒரு தகடு, அவ்வளவுதான். இரும்பும் இரும்பும் உரசுகிறது. பிராணியின் சிறுநீர் பட்டுத் துருவும் ஏறுகிறது. அதுதான் 'கிரீச்'. பால் பேரிங் வைத்த சக்கரத்தில் இந்த உரசல் மிகக் குறைவு. நம் பையன்கள் தெருவில் ஓட்டுகிற பேரிங் வண்டியில் இருக்கிறதே, அதன் குட்டித் தம்பிதான் இது.

இரண்டாவது, ஆட்டம். சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டாண்டில் இடிக்கும். அதுதான் 'கடகட'.

மூன்றாவது, பிடிமானம். கூண்டுக் கம்பியில் மாட்டுகிற சக்கரம், தன் அதிர்வைக் கூண்டு முழுவதற்கும் கொடுத்துவிடும். கூண்டே வீணைக் குடம் மாதிரி அதிரும். அகலமான, கனமான அடிப்பலகையில் தனியாக நிற்கிற சக்கரம் இப்படிச் செய்யாது.

நான்காவது, பாதம். கம்பிமேல் ஓடினால் நகம் தட்டுகிற 'டிக் டிக்' சத்தம் வரும். இடைவெளியில்லாத, வழுவழுப்பும் அதிக மேடு பள்ளமும் இல்லாத தளமானால் மெத்தென்று ஓடும். காலும் விரலும் மாட்ட இடுக்கே இல்லை. லட்டுவின் கால் தப்பியிருக்க வேண்டிய இடமும் இதுதான்.

முன்பக்கம் குறுக்குச் சட்டம் உள்ள சக்கரத்தையும் ஒதுக்கிவிடுங்கள். பிராணி இறங்குகிறபோது சுற்றுகிற சட்டமும் ஸ்டாண்டும் கத்தரி மாதிரிச் சேர்ந்து நசுக்கும். முன்பக்கம் முழுதும் திறந்து, பின்பக்கம் முழுதும் மூடியிருப்பதே நல்லது.

முதுகு வளையக் கூடாது

அளவு விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சின்னப் பிராணிதானே என்று சின்னச் சக்கரம் கொடுத்துவிடுகிறார்கள். சக்கரம் சிறிதானால் பிராணி முதுகைப் பின்னால் வளைத்து, தலையை அண்ணாந்துகொண்டு ஓட வேண்டும். பல மணி நேரம் அப்படி ஓடினால் முதுகெலும்பு என்ன ஆகும்? நாம் தாழ்ந்த பரணுக்குக் கீழே குனிந்து நின்று ஒரு நாள் முழுக்கச் சமைத்தால் எப்படியிருக்குமோ, அப்படி. சக்கரத்தில் ஓடும்போது முதுகு நேர்கோடாகத் தெரிய வேண்டும். அதுதான் கணக்கு.

குள்ள ஜாதி ஹாம்ஸ்டருக்குக் குறைந்தது 17 சென்டிமீட்டர் குறுக்களவு வேண்டும். சிரியன் ஹாம்ஸ்டருக்கு 20-க்குக் குறையக் கூடாது. நன்றாக வளர்ந்ததற்கு 25 முதல் 28 வரை உத்தமம். இஞ்சி டேப்பைக் கையோடு எடுத்துப் போய்ச் சக்கரத்தின் உள்வட்டத்தை அளவெடுங்கள். அட்டைப் பெட்டியில் போட்டிருப்பது பல சமயம் வெளிவட்டத்தின் அளவு. தபாலில் வரவழைப்பதானால் உள்வட்டம் எவ்வளவு, பேரிங் உண்டா, பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்ற மூன்றையும் முதலில் விசாரியுங்கள்.

பெரிய சக்கரத்தில் இன்னொரு லாபம். அதே தூரம் ஓட அது குறைவான சுற்றுத்தான் சுற்ற வேண்டும். சுற்று குறைந்தால் அச்சின் தேய்மானமும் சத்தமும் குறையும். பிராணியின் முதுகுக்கும் நம் காதுக்கும் ஒரே மருந்து!

ஆனால் வாங்குமுன் கூண்டின் உள்உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு சக்கரம் கூண்டுக் கூரையில் இடித்தால் சத்தமும் போகாது, பணமும் திரும்பாது.

அரிசிப் பை சோதனை

கடையில் சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டு, "பாருங்கம்மா, சத்தமே இல்லை" என்பார்கள். காலிச் சக்கரம் எதுவுமே சத்தம் போடாது. பாரம் ஏறினால்தான் வாயைத் திறக்கும். அதற்கு நான் கண்டுபிடித்த உபாயம் ஒன்று உண்டு.

சிறு துணிப்பையில் 125 கிராம் அரிசியைக் கட்டிக்கொள்ளுங்கள். வளர்ந்த சிரியன் ஹாம்ஸ்டரின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். கடையில் அந்தப் பையைச் சக்கரத்தின் அடியில் போட்டு, பை மேலே ஏறாதபடி மெதுவாகச் சுற்றுங்கள். பை வழுக்கி வழுக்கி அடியிலேயே நிற்கும். ஓடுகிற பிராணியும் அடியிலேதானே நிற்கிறது! இப்போது சக்கரத்துக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். பிறகு ஒரு கையால் ஸ்டாண்டைத் தொட்டுப் பாருங்கள். கையில் அதிர்வு தெரிந்தால் அது ராத்திரி தரையில் தெரியும். பை ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போனால் சக்கரம் சாய்ந்திருக்கிறது. கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். ராத்திரி அவரா வந்து நம் குழந்தையைத் தாலாட்டப் போகிறார்?

இப்படி மூன்று சக்கரங்களைத் தள்ளிவிட்டு நான்காவதை எடுத்தோம். கம்பிச் சக்கரத்தைவிட விலை கூடுதல்தான். ஆனால் லட்டுவின் ஆயுளே இரண்டு, மூன்று வருஷம்; அது முழுவதற்கும் இந்த ஒரு சக்கரம் போதும்.

சின்சில்லா கேட்கிற குழந்தைக்கு...

ஹாம்ஸ்டர் பழகிவிட்ட குழந்தைகளின் அடுத்த ஆசை, வீடியோவில் பார்த்த சின்சில்லா. முயலுக்கும் அணிலுக்கும் நடுவில் பிறந்ததுபோல் இருக்கும். பஞ்சுப்பொதி மாதிரி உடம்பு. என் பேரனும் கேட்டான். டொராண்டோவில் இருக்கிற என் அண்ணன் மகள் ஒன்று வளர்க்கிறாள். அவளிடம் போனில் கேட்டேன்.

"அத்தை, முதல்ல ப்ளாஸ்டிக் சக்கரம் வாங்கினோம். ரெண்டே வாரத்துல விளிம்பைக் கடிச்சுத் தின்னுடுச்சு. இப்ப வச்சிருக்கிறது முழுக்கத் தகடு, நம்ம வீட்டுப் பெரிய தாம்பாளம் அளவு" என்றாள். அரைக் கிலோ எடையுள்ள சின்சில்லாவுக்குக் குறைந்தது 38 சென்டிமீட்டர் சக்கரம் வேண்டும். கடித்துத் துப்ப முடியாத உலோகமாக, நல்ல பேரிங் உள்ளதாக இருக்க வேண்டும். அரிசிப் பையையும் அரைக் கிலோவாக்கிக்கொள்ள வேண்டியதுதான். இன்னொரு நுணுக்கமும் சொன்னாள். சின்சில்லா தண்ணீரில் குளிக்காது. நைசான மண்தூளில் புரளும். அந்தத் தூள் பேரிங்கில் புகுந்தால் எவ்வளவு விலை உயர்ந்த சக்கரமும் கரகரக்கும். ஆகவே தூள் தொட்டியைச் சக்கரத்துக்கு எட்ட வைத்து, புரண்டு முடித்ததும் எடுத்துவிட வேண்டும்.

"அப்ப நமக்கும் ஒண்ணு வாங்கலாமா?" என்றான் பேரன், போனைப் பிடுங்கி. அவள் சொன்ன பதில்: "வேண்டாம்டா கண்ணா. மதுரை வெயில்ல அது செத்துப்போயிடும்."

அவள் சொன்னது நிஜம். சின்சில்லா, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக் குளிரில் வாழ்கிற பிராணி. ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட மயிர்கள் முளைக்கும். கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தியதுபோல. 1923-ல் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் சிலி நாட்டிலிருந்து 11 சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனபோது, மலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, வழியெல்லாம் ஐஸ் கட்டி வைத்துக் குளிர்த்தியே காப்பாற்ற வேண்டியிருந்தது. வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து. நமக்கோ அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரி! இரவு பகலாக ஏ.சி. போட்டாலும், ஒரு மத்தியானம் கரண்ட் போனால் போதும். பதினைந்து வருஷம் வாழக்கூடிய ஜீவனை ஒரு கோடையில் இழப்பானேன்? ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம். சமவெளியில் இருக்கிற நாம் ஆசையை அடக்கிக்கொள்வதுதான் அதன் மேல் காட்டுகிற அன்பு.

ஹாம்ஸ்டருக்கும் கோடை கஷ்டம்தான். வீட்டில் குளிர்ச்சியான அறையில், ஜன்னல் வெயில் படாமல் வையுங்கள். கூண்டுக்குள் ஒரு சிறு மண்சட்டியைக் கவிழ்க்காமல் படுக்க வைத்தால் அதற்குள் புகுந்து சுகமாகத் தூங்கும்.

எங்கே வைப்பது?

நல்ல சக்கரத்தையும் கெட்ட இடத்தில் வைத்தால் சத்தம் வரும். மகள் வீட்டில் கூண்டு இருந்தது இரும்பு பீரோவின் மேல். உள்ளே வெற்றிடம், மேலே தகடு, தவில் மாதிரிதானே! கூண்டை இறக்கிக் கனமான மர ஸ்டூல் மேல் வைத்தோம். கூண்டின் அடியில் பழைய ரப்பர் மிதியடியை வெட்டிப் போட்டோம். மிதியடி கூண்டுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே போட்டால் கடித்து விழுங்கிவிடும். படுக்கையறைச் சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். கைக்குழந்தை தூங்குகிற அறையில் வேண்டவே வேண்டாம். இரவு மட்டும் துணி போட்டு மூடினால் சத்தம் குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். சத்தம் குறைகிறதோ இல்லையோ, நம் ஊர்ப் புழுக்கத்தில் பிராணிக்கு மூச்சு முட்டும், செய்யாதீர்கள்.

வாரம் ஒரு நாள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சக்கரத்தைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் சிறிது வினிகர் கலந்து துடைத்து, ஈரம் போக உலர்த்திவிட்டு மாட்டுங்கள். சாதாரண அச்சாக இருந்தால் தீக்குச்சி முனையால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். தையல் மெஷின் எண்ணெய், கிரீஸ் இரண்டும் கூடாது; அது நக்கிவிடும். மூடிய பேரிங்குக்கு எண்ணெயே வேண்டாம். இந்த வேலையைப் பேரனிடமே ஒப்படைத்திருக்கிறோம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது சட்டம். தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் சக்கரத்துக்குள் விரல் விடாத உயரத்தில் கூண்டு இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

புதுச் சக்கரம் வந்த பிறகு முற்றிலும் நிசப்தம் என்று சொல்ல மாட்டேன். காற்றாடி ஓடுகிற மாதிரி ஒரு மெல்லிய 'உஸ்'. சம்பந்தியம்மாள் இரண்டு இரவு சந்தேகத்தோடு படுத்தார். மூன்றாம் இரவு அவர் விட்ட குறட்டையில் சக்கரச் சத்தம் எங்கே கேட்டது? லட்டுவின் நொண்டலும் பத்து நாளில் சரியாயிற்று.

ஒன்று மட்டும் கவனியுங்கள். தினமும் ஓடுகிற சக்கரம் திடீரென்று கரகரத்தால் அழுக்கு, அல்லது ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. தினமும் ஓடுகிற சக்கரம் திடீரென்று ஓடாமலே நின்றால் அதுதான் கவலைப்பட வேண்டியது. காலில் அடியோ, உடம்பில் நோவோ, வெயிலின் சோர்வோ இருக்கலாம். 'அப்பாடா, சத்தமில்லை' என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைக்குப் போகுமுன்...

1. கூண்டின் உள்உயரம், இஞ்சி டேப், அரிசிப் பை – மூன்றும் கைவசம் இருக்கட்டும்.

2. ஓடும் தளம் இடைவெளியில்லாமல் இருக்கிறதா? முன்பக்கம் குறுக்குச் சட்டம் இல்லாமல் திறந்திருக்கிறதா?

3. ஹாம்ஸ்டருக்கு உள்வட்டம் 20 சென்டிமீட்டருக்குக் குறையாமல். குள்ள ஜாதிக்கு 17.

4. பேரிங் உள்ளதா? பாரம் வைத்துச் சுற்றினால் இடிக்கிறதா, சாய்கிறதா?

5. தனி ஸ்டாண்டில் ஆடாமல் நிற்கிறதா?

6. கழற்றிக் கழுவ முடிகிறதா? முடியாததை வாங்காதீர்கள், ஒரே மாதத்தில் அது பாட ஆரம்பித்துவிடும்.